முன்வரிசையின் இடது மூலை

வேலணையில் சீனம் படிப்பிக்கிறார்கள் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். ஆனால் ஐப்பசி தொடக்கம் அது நடந்துகொண்டுதான் இருந்தது. சாட்டிக்குப் போகிற றோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் வருகிற சனசமூக நிலையத்தில், புதனும் ஞாயிறும் பின்னேரம் நாலு மணிக்குச் சீன மொழி. ஞாயிறு தவிர்ந்த நாட்களில் விடியப்புறம் ஐந்தரைக்குச் சீனத்து உடற்பயிற்சி. அதற்குத் தாய் சீ என்று ஒரு பெயர் இருந்தது. ஊரில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் நாள் வந்து எட்டிப் பார்த்த நிலையத் தலைவர், "உதென்ன, படம் ஸ்லோவாப் போகுதோ" என்று கேட்டார். அன்றோடு அது ஸ்லோ எக்சசைஸ் ஆகிவிட்டது.

படிப்பித்தவர் சென் ரீச்சர். சீனாவிலே ஏதோ ஒரு பட்டணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. வேலணைக்கு எப்படி வந்தார் என்றால் சம்பந்தக் கலப்புத்தான். முன்னொரு காலம் தெற்கிலே சுருட்டுக்கடை வைத்திருந்த அம்பலவாணரின் பேரன் வசீகரன், கனடாவில் பிறந்து வளர்ந்தவன், சீனத்துப் பெட்டையைக் கலியாணம் முடித்திருந்தான். அம்பலவாணரின் பழைய வீட்டைத் திருத்த என்று ஆறு மாதம் வந்து நின்றபோது மனைவியையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தான். மாமியாரால் சும்மா இருக்க முடியவில்லை. மேசன்மார் சீமெந்து குழைக்கிற இடத்தில் நின்று அவர்களுக்கே கைவீசிக் காட்டத் தொடங்கினார். வேலை மினைக்கெடுகிறது என்று கண்ட வசீகரன், நிலையத் தலைவரிடம் போய் மண்டபத்தைக் கேட்டான். பத்துப் பேராவது வந்தால் மண்டபத் திறப்பைத் தரலாம், குறைந்தால் லைட்டுப் போட்டுக் கட்டாது என்றார் தலைவர்.

அந்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போனவள் சறோஜினிதேவி. கதை அவளுடையதுதான்.

சறோஜினிதேவிக்கு வயது ஐம்பத்தாறு. வெங்காயமும் புகையிலையும் வைத்த குடும்பம். தொண்ணூறில் சண்டையில் தீவு முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அவளும் வெளிக்கிட்டாள். எங்கெங்கோ இருந்து, கடைசியில் வன்னியில் சங்கக்கடையொன்றில் பில் எழுதினாள். அங்கே வைத்துத்தான் இராசநாயகத்தை முடித்தது. அவர் பஸ் கொண்டக்ரர். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவானுக்கும் ஓடுகிற பஸ்ஸில் பென்சன் எடுக்கும்வரை நின்றார். ஒரே மகன் நிமலன் பிரான்சில். அவனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. ஆனி மாதம் ஒரு காலையில் இராசநாயகம் கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே நிலத்தில் இருந்தார், பிறகு சரிந்தார். ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வாகனம் வந்தபோது முடிந்துவிட்டது. நிமலன் ஃபோனில் பார்த்துத்தான் கொள்ளிச்சட்டிக்கு அழுதான்.

அதற்குப் பிறகு சறோஜினிதேவிக்கு ஒன்றும் வரவில்லை. துக்கம் என்றால் அதற்கு ஒரு பாரம் இருக்கும், நெஞ்சில் எங்கேயாவது குத்தும். இவளுக்கு அப்படி ஒன்றுமில்லை. மரத்துப் போயிருந்தாள். காலில் இரத்தம் ஓடாமல் இருந்தால் நிலத்தில் வைக்கிறபோது வைத்ததே தெரியாதே, அதுபோல. அரிசி போட்டாள், உலை கொதித்தது, வடித்தாள், சாப்பிட்டாள். சாப்பிட்டாளா என்று பின்னேரம் நினைத்துப் பார்த்தால் நினைவு வராது. குசினிக்குள் போய்க் கழுவின சாப்பாட்டுக் கோப்பையைத் தேடிப் பார்த்துத்தான் சாப்பிட்டதை உறுதிப்படுத்துவாள்.

செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு கழிந்துவிடும். ஆனால் வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் கொடுக்கும்வரைக்கும் அந்த வீட்டுப் பெண்சாதி கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. கலியாணவீடு கூடாது, சாமத்தியவீடு கூடாது, வீடு குடிபூரல் கூடாது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவர்களுக்கு எதிர்ப்படக் கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத சட்டத்துக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை கூட.

புரட்டாதியில் பிரசருக்கு மருந்தெடுக்கப் போனபோது டொக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். மூன்றாம் நாள் விடியப்புறம், ஒழுங்கை முடக்கில் ஒரு வீட்டு வாசலில் வான் நின்றது. கொழும்புக்கு, விசா நேர்முகத்துக்குப் போகிற ஆட்கள். சறோஜினிதேவியைக் கண்டதும் வானுக்குள் ஏறியிருந்த நாலு பேரும் இறங்கி உள்ளே போனார்கள், இருந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், பிறகு வந்து ஏறினார்கள். ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. முழிவியளம், எதிர்ப்படுகிற முகத்தின் சகுனம், சரியில்லை என்றால் அப்படித்தான் செய்வார்கள், அவளே இளவயதில் செய்திருக்கிறாள். அடுத்த நாளில் இருந்து அவள் றோட்டில் நடக்கவில்லை. முற்றத்துக்குள்ளேயே சுற்றினாள், முப்பது சுற்று, நாற்பது சுற்று. கோழிகள் ஒதுங்கி நின்று பார்த்தன.

இப்படி இருக்கையில்தான் ஸ்லோ எக்சசைஸ் வந்தது. சீனத்து உடற்பயிற்சிக்கு ஆட்டைத் திவசம் முடியாத ஆள் போகலாமா கூடாதா என்று எங்கள் முன்னோர் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அவர்களுக்கு அது தோன்றியிருக்காது. கோயிலுமில்லை, கலியாணமுமில்லை, நல்ல காரியமுமில்லை, கெட்ட காரியமுமில்லை. சறோஜினிதேவி ஒரு நாள் முழுக்க இதை யோசித்தாள். சட்டம் இல்லாத இடம் ஒன்று ஊருக்குள் இருக்கிறது என்று முடிவெடுத்தாள். ஐந்து மணிக்கே, ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் வருமுன்னர், டோர்ச் லைட்டோடு போய் நிலைய வாசலில் நின்றாள்.

அங்கே அவளுக்குச் சந்தோசம் வந்தது என்று சொன்னால் அது பொய். ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது. அங்கே அவளை யாரும் எப்பிடி இருக்கிறியள் என்று கேட்கவில்லை. இடது காலைத் தூக்கு, வை, பாரத்தை மாற்று, கையைத் திருப்பு. அடுத்தது என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும். வீட்டில் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. முக்கால் மணித்தியாலம் முடிகிறபோது உடம்பு வேர்த்திருக்கும், வேர்த்தது தெரியும். அது தெரிந்ததே அவளுக்குப் பெரிய காரியம். அதனால் ஒரு நாளும் தவறவிடவில்லை. வேறு எதையும் அவள் தவறவிட்டிருப்பாள், அதை விடவில்லை.

ஆறு வாரத்தில் ரீச்சர் அவளை முன்வரிசையில் இடது மூலையில் நிறுத்தினார். அதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பயிற்சியில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதில்லை. வரிசை இடப்பக்கமாகப் போகும், பிறகு திரும்பி வலப்பக்கமாக வரும். திரும்பினால் ரீச்சரின் முகம் தெரியாது. இடப்பக்கம் போகும்போது மூலையில் நிற்கிற ஆளின் முதுகைப் பார்த்துத்தான் மற்றவர்கள் செய்ய வேண்டும். நன்றாகப் பழகியவர்களைத்தான் மூலைக்கு விடுவார்கள். பதினாலு பேரில் ஒரு படியும் பிழைக்காமல் செய்தவள் சறோஜினிதேவி ஒருத்திதான். மற்றவர்களுக்கு மனம் வேறு வேறு இடத்தில் இருந்தது. இவளுக்கு மனம் ஓட இடமில்லை.

மார்கழிக்குள் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். ஒருத்திக்குத் தடிமன் காய்ச்சல். ஒருத்திக்கு மாடு கறக்க ஆளில்லை. ஒருத்திக்குத் திருவெம்பாவை. அது நியாயம். ஆனால் திருவெம்பாவை முடிந்தும் அவள் வரவில்லை. தை பிறந்தபோது ஒன்பது பேர் நின்றார்கள். தலைவர் ஒரு நாள் வந்து விரலால் எண்ணிவிட்டுப் போனார். சென் ரீச்சர் மழை என்று நினைத்தார், குளிர் என்று நினைத்தார், தான் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று வசீகரனிடம் கேட்டார். சறோஜினிதேவிக்குத் தெரிந்துவிட்டது. ஒழுங்கையில் வானில் இருந்து நாலு பேர் இறங்கினதைக் கண்டவளுக்கு இதை விளங்க எவ்வளவு நேரம் செல்லும். அவள் தானாகவே பின்வரிசைக்குப் போனாள். பின்வரிசை வலது மூலையில் நின்றாலும் வரிசை திரும்பி வரும்போது அவள்தான் முன்னுக்கு. நடுவில் நின்றால் பின்னுக்கு நிற்கிறவளுக்கு அவள் முதுகுதான் எதிரே. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு திரும்பலில் யாரோ ஒருத்தி அவளைப் பார்க்கத்தான் வேண்டும். ரீச்சர் வேறு, ஒவ்வொரு முறையும் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இடது மூலையில் விட்டார்.

அந்தக் கிழமைதான் புதன்கிழமை மொழி வகுப்பில் அது நடந்தது. மொழிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெரியவர்களில் சறோஜினிதேவி மட்டும். சீனம் படித்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. புதனும் ஞாயிறும் பின்னேரம் அவள் வேறு என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டவர்கள் இல்லை. அன்றைக்குப் பாடம் குடும்பம். சீனத்தில் வீட்டாரை வாயால்தான் எண்ணுவார்கள். உன் வீட்டில் எத்தனை வாய் என்பதுதான் கேள்வி. "நீ ஜியா யோ ஜீ கோ ரென்" என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகள் நாலு வாய், ஆறு வாய் என்றார்கள். சறோஜினிதேவியின் முறை வந்தது.

"வோ ஜியா யோ யீ கோ ரென்" என்றாள். என் வீட்டில் ஒரு வாய்.

ரீச்சர் தலையாட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு அதையே சொன்னார், ஒரு சொல் மாறாமல். வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள் எடுத்த பிறகு சறோஜினிதேவி போர்டடியில் நின்றாள். மோதிர விரலைக் காட்டி, அவர் எங்கே என்று கையால் கேட்டாள். ரீச்சர் சோக்கை எடுத்துப் போர்டில் எட்டு என்று எழுதினார், பக்கத்தில் இருபது என்று எழுதினார். ஆவணி மாதத்து நாள். பிறகு கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சரித்துக் காட்டினார். சோக்குத் தூளைத் துடைத்துவிட்டுப் போர்டையும் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து கிணற்றுக் கட்டில் இருந்துதான் சறோஜினிதேவி கணக்குப் பார்த்தாள். தன்னுடையவர் போய் ஏழு மாதம். ரீச்சருடையவர் போய் ஐந்து மாதம். ஊர்ப் பெண்கள் மூன்று மாதமாக விடியப்புறம் எழும்பி முழித்ததே, இவளிலும் புதிதாகப் புருசனை இழந்த ஒரு மனுசியின் முகத்தில். ரீச்சருக்குப் பொட்டு முதலே இல்லை, அழிந்ததென்று தெரிய. தாலி முதலே இல்லை. சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். புருசன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கனடாவில் பிறந்த வசீகரனுக்கு அது சொல்ல வேண்டிய விசயம் என்று தெரியவில்லை. சறோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாலைக்கருக்கலில் எழும்பி லைட்டைப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பவதாரணி வந்தாள். மகளிர் சங்கத்துச் செயலாளர். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, சறோஜினிதேவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். படலையைத் திறக்காமல் வெளியே நின்றாள். கையில் ஒரு பையில் முருங்கைக்காய்.

"அக்கா, சொல்லுறனெண்டு குறை நினைக்காதையுங்கோ."

"சொல்லும்."

"நான் உங்களிலை ஒரு பிழையும் சொல்லேல்லை. எங்கட மகள் கம்சிகான்ரை கலியாண விசயம் உங்களுக்குத் தெரியுந்தானே. மூண்டு சாதகம் பொருந்தி வந்து மூண்டும் தட்டிப்போச்சு. இப்ப ஒண்டு சரிவருமாப்போலை கிடக்கு. இந்த நேரத்திலை, விடியக் காலமை முதல் முழிக்கிறது உங்கட முதுகிலை எண்டால்…"

"நான் பின்னுக்குப் போய் நிண்டனான் பிள்ளை."

"தெரியுமக்கா. பின்னுக்கு நிண்டாலும் அந்தத் திரும்புற இடத்திலை நீங்கள்தானே முன்னுக்கு வாறியள். எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஆரும் வாய்விட்டுச் சொல்லினமில்லை. ஆட்டைத் திவசம் முடிய வாங்கோ, ஆர் வேண்டாமெண்டது."

"அது ஆனியிலை. ரீச்சர் பங்குனியிலை போயிடுவா."

"ஓமக்கா" என்றாள் பவதாரணி. "அதுதான் எனக்கும் கவலை." அவள் அதைப் பொய்க்குச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது.

சறோஜினிதேவியின் வாயில் ஒரு வசனம் இருந்தது. ரீச்சரின்ரை மனுசன் செத்து அஞ்சு மாசம் பிள்ளை. அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் பவதாரணியின் நியாயம் அந்தப் படலையடியிலேயே விழுந்திருக்கும். ஆனால் அதோடு வகுப்பும் விழும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. நாளைக்கு ஒருத்தியும் வர மாட்டாள், தலைவர் திறப்பை வாங்கிவிடுவார், பிறகு சென் ரீச்சர் மேசன்மார் நிற்கிற வீட்டில் பங்குனிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்தப் பார்வை எப்படி இருக்குமென்று சறோஜினிதேவிக்குத் தெரியும். ஒரு ஆளுக்காவது போக ஒரு இடம் இருக்கட்டும் என்று நினைத்தாள். தியாகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போன கையில் இன்னொரு கீறல் விழுந்தால் என்ன.

"சரி பிள்ளை, நான் வரேல்லை" என்றாள். முருங்கைக்காயை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாளே பன்னிரண்டு பேர். ஒரு கிழமைக்குள் பதினைந்து. முதல் இருந்ததைவிடக் கூட. தலைவருக்கு நல்ல சந்தோசம். சறோஜினிதேவி விடியப்புறம் ஐந்தரைக்கு விறாந்தையில் எழும்பி நிற்பாள். உடம்பு பழகிவிட்டது, தானாக எழும்பும். இடது காலைத் தூக்குவாள், வைப்பாள், பிறகு இது என்னத்துக்கு என்று தோன்றும். கதிரையில் இருந்துவிடுவாள். மறுபடி கழுவின கோப்பையைத் தேடிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டாள். இந்த முறை அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்து பயம் வந்தது. பங்குனிவரைக்குமல்ல, சாகும்வரைக்கும் இப்படித்தானோ என்று ஒரு பயம்.

ஐந்தாம் நாள் சென் ரீச்சர் வசீகரனோடு வந்தார். என்ன நடந்தது என்று வசீகரன் தன்னுடைய கனடாத் தமிழில் கேட்டான். முழங்கால் நோகுது தம்பி என்றாள். ரீச்சர் குந்தியிருந்து இரண்டு முழங்காலையும் அமத்திப் பார்த்தார். நிமிர்ந்து, நல்ல தமிழில், "நல்லம்" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் போனார். வசீகரன் போகிற வழியில் வகுப்பில் மூத்தவளான அன்னப்பிள்ளையின் படலையைத் தட்டினான். எழுபது வயது அன்னப்பிள்ளையிடம் ஒன்று கேட்டால் ஒன்பது வரும். அரைமணித்தியாலத்தில் முழிவியளம், ஆட்டைத் திவசம், கம்சிகாவின் சாதகம் எல்லாம் அவனுக்குப் பாடம்.

அடுத்த நாள் விடியப்புறம் ஐந்து மணிக்குப் படலை தட்டிக் கேட்டது. சென் ரீச்சர் தனியாக, குடையில்லாமல் நின்றார்.

"வாங்கோ" என்றார்.

சறோஜினிதேவி தலையை ஆட்டினாள். ரீச்சர் அசையவில்லை. மழை தூறத் தொடங்கியது. கூப்பிட்டு உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. சிவப்புச் சட்டை நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது. வேற்றுநாட்டு மனுசியை மழையில் விட்டுவிட்டு உள்ளே போய் இருக்கக்கூடிய அளவுக்குச் சறோஜினிதேவி இன்னும் மரத்துப் போகவில்லை. சீலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

மண்டபத்தில் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள். சறோஜினிதேவியைக் கண்டதும் பவதாரணி நிலத்தைப் பார்த்தாள். வசீகரன் முன்னுக்கு நின்றான். ரீச்சர் ஈரச் சட்டையோடு அவன் பக்கத்தில் போய் நின்று, அவசரமில்லாமல் பேசினார். அவன் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னான்.

"ரீச்சர் சொல்லுறா, அவவின்ரை ஹஸ்பன்ட் ஓகஸ்ட் இருபது செத்தவர். ஐஞ்சு மாசம். உங்களுக்குச் சொல்லோணும் எண்டு அவவுக்குத் தெரியாது. அதுக்கு சொறி. இந்த அன்ரி வரக்கூடாது எண்டால் தானும் வரக்கூடாதாம். அன்ரி நிண்டால் தான் நிப்பன் எண்டு சொல்லுறா."

சறோஜினிதேவி கண்ணை மூடினாள். முடிந்தது என்று நினைத்தாள். தான் வாயைக் கட்டிக் காத்ததை இந்த மனுசி தானே போட்டு உடைத்துவிட்டாளே. இப்போது பதினைந்து பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போகப் போகிறார்கள்.

போகவில்லை. அன்னப்பிள்ளைதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஐயோ பாவமே. அஞ்சு மாசம். அந்தத் துக்கத்தோடையோ இவ்வளவு நாளும் எங்களுக்குக் காட்டித் தந்தவ."

"இனி என்னக்கா செய்யிறது" என்று பின்னால் ஒருத்தி கேட்டாள்.

"என்ன செய்யிறது? அவ சீனா. அவையளுக்கு இந்தத் துடக்கு, திவசம் ஒண்டும் இல்லை. இல்லாத ஆக்களுக்கு அது ஒட்டாது. அவவிலை முழிக்கிறதாலை எங்களுக்கு ஒண்டும் வராது."

ஓம், ஓம் என்று நாலைந்து குரல். அட, என்ன சுகமாக வழி கண்டுபிடித்தார்கள். பவதாரணி முன்னுக்குப் போய் ரீச்சரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி துவாய் எடுத்துக்கொண்டு வந்து ரீச்சரின் தலையைத் துடைத்தாள். பாவம், பாவம் என்று எல்லோருக்கும் ஒரே உருக்கம். அந்த உருக்கம் முடிந்த பிறகு பதினைந்து பேரும் வாசலடியில் நின்ற சறோஜினிதேவியைத் திரும்பிப் பார்த்தார்கள், இனி நீ போகலாம் என்பதுபோல.

அப்போது சறோஜினிதேவியின் அடிவயிற்றில் ஏதோ சுட்டது. முதலில் அவளுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. பிரசராக்கும் என்று நினைத்தாள். ஏறி நெஞ்சுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அது கோபம்.

"அன்னமக்கா" என்றாள். குரல் உயரவில்லை. "ரீச்சற்றை மனுசன் செத்து அஞ்சு மாசம். என்ரை மனுசன் செத்து ஏழு மாசம். அவவுக்கு ஐயோ பாவம். எனக்கு முழிவியளம்."

"அப்பிடியில்லை சறோசா…"

"பொறுங்கோ, நான் கதைச்சு முடியேல்லை. ஐப்பசியிலை இருந்து இஞ்சை வந்தனான். உங்களுக்கு முன்னாலை நிண்டனான். ஒராளாவது என்னைப் பாத்து அந்த 'ஐயோ பாவ'த்தைச் சொன்னியளோ? ஒரு துவாய் தந்தியளோ? சட்டத்துக்கு விதிவிலக்குக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு நிமிசம் கூடச் செல்லேல்லை. அந்த ஒரு நிமிசம் எனக்குக் கிடைக்கேல்லை."

பவதாரணி, "அக்கா, என்ரை பிள்ளையின்ரை…" என்று தொடங்கினாள்.

"உம்மடை பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கேக்கை, நீர் காய்ச்சலிலை கிடக்க, குளிக்கவாத்துத் தூக்கி வைச்சிருந்தது நான். அவளுக்கு நான் கெடுதலா? அப்பிடிச் சொல்ல உமக்கு வாய் வந்துது. அதைக் கேட்டு முருங்கைக்காயும் வாங்கி வைச்சன் பாரும், என்னைச் சொல்லோணும்."

சறோஜினிதேவி செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு நடந்து போய் முன்வரிசையில் இடது மூலையில் நின்றாள். திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"நான் இஞ்சைதான் நிப்பன். என்னிலை முழிக்க ஏலாதவை கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ."

பின்னால் செருப்புகள் சரசரத்தன. பவதாரணி போனாள், அவளோடு இன்னும் ஐந்து பேர் போனார்கள். சறோஜினிதேவியையும் சேர்த்து மீதி பத்துப் பேர். தலைவரின் கணக்குக்குச் சரியாகப் பத்து. ரீச்சர் கையை உயர்த்தினார், தொடங்கினார்கள். அன்னப்பிள்ளை போகவில்லை. போகவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. சொன்னபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை வீசினாள். வரிசை வலப்பக்கம் திரும்பியது அவளுக்குத் தெரியவில்லை. இடப்பக்கமாகவே மெல்ல மெல்ல நடந்து போய், சுவரோடு சாத்தி வைத்திருந்த கரம்போர்டில் முட்டினாள். போர்டு தடாரென்று விழுந்தது. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சென் ரீச்சரும் சிரித்தார். அன்னப்பிள்ளை கண்ணைத் திறந்து, நேரே சறோஜினிதேவியின் முகத்தில் முழித்தாள்.

"சரி போ, முழிச்சாச்சு" என்றாள் அன்னப்பிள்ளை. "இனி என்ன."

வகுப்பு முடிந்ததும் சறோஜினிதேவி நிற்கவில்லை. மழை விட்டிருந்தது. விடிந்துவிட்டது, ஒழுங்கையில் ஆட்கள் போகிற நேரம். யார் எதிர்ப்பட்டார்கள், யார் திரும்பி உள்ளே போனார்கள் என்று அவள் பார்க்கவில்லை. நடை வேகமாக இருந்தது. கன்னம் சுட்டது. சொன்னதை மனதுக்குள் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இன்னும் நல்லாய்க் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாள். வாய் துறுதுறுத்தது. படலையைத் தள்ளித் திறந்து, செருப்போடு விறாந்தையில் ஏறி, உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு நடந்ததைக் கேட்டியளே."

சொல்லிக்கொண்டே குசினிக்குள் போனாள். கேத்தலை வைத்தாள். படலையடியில் ரீச்சர் நனைந்ததில் இருந்து தொடங்கினாள். அன்னமக்கா சொன்னதை அன்னமக்காவின் குரலிலேயே சொன்னாள். பவதாரணியைத் தான் கேட்ட கேள்வியைக் கேட்டபடியே சொல்லி, கேட்காமல் விட்ட இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். தேயிலைப் போத்தலைத் திறந்து இரண்டு பேருக்கும் அளந்து போட்டாள். அன்னமக்கா கண்ணை மூடிக்கொண்டு போய்க் கரம்போர்டில் முட்டின இடத்துக்கு வந்தபோது அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சொல்ல ஏலாமல் அடுப்பங்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "பிறகென்ன நடந்தது தெரியுமே" என்றுவிட்டு நிறுத்தினாள்.

அவர் "என்ன நடந்தது" என்று கேட்க வேண்டிய இடம் அது. கேட்டால்தான் சொல்லுவாள். எப்போதும் அப்படித்தான்.

கேத்தல் கொதித்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதிரை இருந்தது.

ஏழு மாதம் கழித்து, அந்தத் தை மாதக் காலையில்தான் சறோஜினிதேவிக்கு இராசநாயகம் செத்துப்போனார். அவள் குசினி நிலத்தில் இருந்துகொண்டு, வேலிக்கு அப்பால் ஆட்கள் ஓடி வரும்படி, வாய்விட்டு அழுதாள்.